மூன்றாவது நாக்கு

அத்தியாயம் 7

நெமாஸ்கா போர்க்கப்பல் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் பெரிய பீரங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகத்தோடு யுத்தம் என்றால் அதைவிட வசதியான நிலை கிடையாது. யுத்தமோ கரையிலிருக்கும், அடிமைகளை விடமாட்டேன் என்று அமெரிக்காவைப் பிளந்த தெற்கத்திப் படையோடு.

"அண்ணே, வாயைத் திறங்க," என்றான் ரோர்க்.

ஹிராம் டகெட் திறந்தார். உப்பும் குளிர்ச்சியுமாக ஒரு சிப்பிச்சதை நாக்கில் வந்து விழுந்தது. ரோர்க் அடுத்த சிப்பியை எடுத்து, அதன் மூட்டில் கத்தியைச் செருகி ஒரு திருகு திருகினான். சிப்பி வாயைப் பிளந்தது.

"நம்ம கப்பல் ஏறி உக்காந்திருக்கிறது இந்தச் சிப்பி மேட்டு மேலதான். மேட்டையே தின்னு தீர்த்துட்டா கப்பல் தானா இறங்கிடும். நான் என் பங்கைச் செய்யறேன். நீங்களும் செய்யுங்க."

டகெட் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கப்பலில் சிரிக்கிற நிலைமையில் இருந்தவன் ஃபெலிம் ரோர்க் ஒருத்தன்தான். இழவு வீட்டிலும் அவனுக்கு ஒரு நக்கல் கிடைக்கும். போன மாதம் ஒரு ஆமையை, எதிரி தண்ணீருக்கடியில் கட்டிவைக்கும் வெடிமருந்துப் பீப்பாய் என்று எண்ணி, "வெடிப்பீப்பாய்" என்று கத்தி, கப்பலையே நிறுத்தி, கேப்டன் வாயால் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். டகெட்டுக்கு அவன் உதவியாள், எடுபிடி, சமயத்தில் தலைவலி. டகெட் அந்தக் கப்பலின் காவல் தலைவர். கடற்படையில் சேருமுன் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் இருபது வருஷம் திருடன் பிடித்தவர். கப்பலில் அவருக்கு வாய்த்ததெல்லாம் சாராயத் திருட்டும் சட்டைத் திருட்டும். இன்றைக்குத்தான் ஓர் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு வந்து சேர்ந்திருந்தது.

விஷயம் இதுதான். வசாமா ஆற்றில், மேலே அரிசி ஆலைத் துறையில், நூற்றுச் சொச்சம் அடிமைகள் தப்பிவரக் காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றி வரக் கப்பல் விடியுமுன் ஆற்றுக்குள் நுழைந்தது. இருட்டில் ஆழம் பார்த்துச் சொன்னவன் மிங்கோ. "கால் குறைய மூணு பாகம்" என்று அவன் பாடினான். ஒரு பாகம் என்பது ஆறடி. கப்பல் மிதக்க ஒன்றே முக்கால் பாகம், அதாவது பத்தரை அடித் தண்ணீர் போதும். நிம்மதியாகப் போனார்கள். போய் நேராகச் சிப்பி மேட்டில் ஏறினார்கள். அத்தோடு கடலின் ஏற்றவற்றத்தில் ஆற்று நீரும் வற்றத் தொடங்கிவிட்டது.

மூன்று அதிகாரிகள், அரை மணி நேர விசாரணை. தப்பி வந்த அடிமையான மிங்கோ, தன் பழைய எஜமானுக்காகப் பொய் ஆழம் சொன்னான் என்று தீர்ப்பாயிற்று. கப்பலின் பின்முனையில் அடி எண்கள் பொறித்திருக்கும். மறுபடி ஏறுகிற நீர் பத்தைத் தொட்டதும் தூக்கு. பத்தரையைத் தொட்டால் கப்பல் மிதக்கும். துரோகி ஒருவனை உயிரோடு சுமந்துகொண்டு மிதக்கக் கேப்டன் தோர்ன் தயாராக இல்லை. எல்லோரையும் காப்பாற்ற வருகிற தண்ணீர்தான் மிங்கோவின் கழுத்துக்கும் வந்துகொண்டிருந்தது.

டகெட் எட்டிப் பார்த்தார். நீர் ஏழைத் தொட்டிருந்தது. கரைக் காட்டுக்குள் கோடரிச் சத்தமும், மாடுகளை அதட்டுகிற குரல்களும் கேட்டன. எதிரி பீரங்கி இழுத்து வருகிறான்.

"அவன் செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணலைடா," என்றார்.

"ஆழம் சொன்னது யாரு? அவன். அவனுக்குச் சொன்னது யாரு? கயிறு," என்றான் ரோர்க், சிப்பி ஓட்டைத் தண்ணீரில் எறிந்தபடி. "நியாயமாப் பார்த்தா கயித்தைத்தான் தூக்குல போடணும். ஆனா கயித்தை எந்தக் கயித்துல தொங்க விடறது? அதான் மனுஷனைப் பிடிச்சுட்டாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னான். டகெட்டுக்கு அது உள்ளே தைத்தது. மூன்று அதிகாரிகளில் ஒருவர்கூடக் கயிற்றைப் பார்க்கவில்லை. அவர் எழுந்தார்.

மிங்கோவைக் கயிற்றுக் கிடங்கில் கைவிலங்கோடு உட்கார வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு வயது ஆள். கப்பல் ஏட்டில் 'பையன்' என்று பதிந்திருந்தது. தப்பி வந்த அடிமைகள் எல்லோருக்கும் கடற்படை கொடுத்த பதவி அதுதான், நரைத்த தலையானாலும் பையன். மிங்கோவும் பதிலுக்கு ஒன்று செய்தான். டகெட்டின் ஆங்கிலப் பதவிப் பெயரில், எஜமான் என்று பொருள்படும் 'மாஸ்டர்' என்ற சொல் இருந்ததால் அவரை அந்தப் பெயரால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை இனி எவனுக்கும் சொல்வதில்லை என்று ஆற்றைத் தாண்டிய அன்றே முடிவு செய்துவிட்டானாம்.

"விரலுக்கு மூணு நாக்கு வந்துச்சு, மிஸ்டர் டகெட். மூணுன்னு சொன்னேன்," என்றான். "என் விரல் பொய் சொல்லாது."

ஆழம் பார்க்கிற கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். இரண்டு பாகத்தில் இரண்டு நாக்காகக் கிழித்த தோல்வார் ஒன்று, மூன்று பாகத்தில் மூன்று நாக்குள்ள தோல்வார் ஒன்று. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான் எண்ண வேண்டும். அன்று விடிகாலைக் குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது என்பதையும் மிங்கோ மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று மூன்றுதான் என்றான்.

"மேல துறையில என் பொண்டாட்டி பைனா நிக்கிறா. ரெண்டு புள்ளைங்களோட. வெள்ளைத் துணி காட்டறேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. இன்னிக்கு நாம போகலைன்னா நாளைக்கு எல்லாரையும் உள்நாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க. நானா கப்பலை நிறுத்துவேன்?"

இதை அவன் விசாரணையிலும் சொல்லியிருந்தான். கேப்டன் அதையே அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். பெண்டாட்டியைப் பிணையாக வைத்துக்கொண்டுதான் உன்னை வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றார். கெட்ட காலம் வந்தால் சொந்த சாட்சியே சுருக்காகும். டகெட் அவன் இடுப்புக் கத்தியை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற ரோர்க் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துண்டு புகையிலையை நீட்டினான்.

டகெட் வாயில் போட்டுக்கொண்டார். தேன் போட்டுப் பதப்படுத்திய இலை. கப்பலில் கொடுக்கிற புகையிலை தார் பூசின கயிறு மாதிரி இருக்கும். ஏதுடா என்று கேட்டதற்கு, சித்தப்பா உயிலில் எழுதி வைத்தது என்றான் ரோர்க். சமையல்காரன் நீட்டிய காப்பியை வேண்டாமென்றான். மூன்று வாரமாக வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

கயிறு கப்பலின் முன்பக்கத்தில், விடிகாலை போட்டது போட்டபடி கிடந்தது. சாய்ந்த தளத்தில் இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நகர்ந்து போனார்கள். கீழே நீர் இறைக்கும் பம்பு ஓயாமல் முனகியது. நெமாஸ்காவை வடக்கே தொண்ணூறே நாளில் கட்டி முடித்திருந்தார்கள். யுத்த அவசரம். காயாத பச்சை மரம். கட்டியபின் மரம் காய்ந்து சுருங்கியது, இடுக்கெல்லாம் வாயைத் திறந்தது. ஆனாலும் இரண்டு கோட்டைகளின் குண்டுமழைக்கு நடுவே நுழைந்து வெளியே வந்த கப்பல் அது. இடுப்பில் ஒரு குண்டு துளைத்த இடத்தைச் சாப்பாட்டு மேஜைப் பலகையால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். புயலில் முன்பாய்மரம் முறிந்தும், உப்பு கடத்திய கப்பலொன்றை ஒற்றைப் புகைபோக்கியோடு துரத்திப் பிடித்திருந்தது.

"மனுஷக் குழந்தைக்கே பத்து மாசம் வேணும்," என்றான் ரோர்க். "இது மூணு மாசத்துல பொறந்தது. ஆள் மூழ்காம இருக்கிறதே பெருசு. நடக்கலைன்னு கோவிச்சுக்கிட்டா எப்படி?"

டகெட் குனிந்து உட்கார்ந்தார். கயிற்றை ஈயக்குண்டிலிருந்து கையால் அளந்துகொண்டே வந்தார். கைவிரித்தால் ஒரு பாகம். ஒன்று. இரண்டு. இரண்டாவது பாகத்தில் இருந்த தோல்வாருக்கு மூன்று நாக்கு.

மறுபடி அளந்தார். மறுபடியும் இரண்டாவது பாகம், மூன்று நாக்கு. மேலே, தன் இடத்தில், அசல் மூன்று நாக்குக்காரனும் பத்திரமாக இருந்தான்.

தோல்வாரை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நாக்கு அகலம். மற்ற இரண்டும் ஒல்லி. அகலமான நாக்கு ஒன்றை யாரோ நடுவில் கிழித்து இரண்டாக்கியிருந்தார்கள். பழைய ஓரங்கள் கொழுப்பேறிக் கறுத்திருந்தன. புதிய ஓரம் ரொட்டித்துண்டு மாதிரி வெளுத்திருந்தது. ஒன்றே முக்கால் பாகத் தண்ணீர், ஒரே ஒரு கீறலால் இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"அவன் விரல் பொய் சொல்லலைடா," என்றார் டகெட்.

"கேப்டன் என்ன சொல்வாரு தெரியுமா? நாக்கைக் கிழிச்சதும் அவனேன்னு சொல்வாரு."

அது உண்மைதான். டகெட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீறலின் தலைப்பைப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் குத்து. கத்தியின் முனை தோலைத் துளைத்துப் பின்னாலிருந்த கயிற்றிலும் ஒரு புரியைக் கீறியிருந்தது. வெட்டியவன் கீழிருந்து மேலே அறுக்கவில்லை. மேலே குத்தி, கீழே இழுத்திருக்கிறான்.

அவர் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"இது முனையுள்ள கத்தி," என்றார்.

அந்தக் கப்பலில் இதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். எந்த மாலுமியின் கத்திக்கும் முனை கிடையாது. கப்பலேறிய அன்றே டகெட் ஒவ்வொரு கத்தியையும் வாங்கி, இடுக்கியில் மாட்டி, முனையை ஒடித்துத்தான் திருப்பிக் கொடுப்பார். கயிறு அறுக்கலாம், ரொட்டி அறுக்கலாம், சாராயம் ஏறியபின் பக்கத்து ஆளைக் குத்த முடியாது. கடலில் பழைய வழக்கம் அது. அவர் சற்று முன் பார்த்த மிங்கோவின் கத்தியும் மொட்டை.

இனி முனையுள்ள கத்தி யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆற்று வழிகாட்டி ஹாஸ்கல், டாக்டர், சமையல்காரன். நீர் எட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஹாஸ்கல் கூலிக்கு வந்த உள்ளூர் வெள்ளைக்காரர். எல்லோருக்கும் அவர்மேல் ஒரு சந்தேகக் கண். அவர் கத்தியை எடுத்து நீட்டிவிட்டு, சலிப்போடு ஒன்றே ஒன்று கேட்டார். சுக்கானைப் பிடித்திருந்தது அவர். கப்பலைச் சேற்றில் ஏற்ற வேண்டுமென்றால் கையை ஒரு சாண் திருப்பினால் போதும், இதற்குத் தோலை வேறு கிழிக்க வேண்டுமா? டகெட் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். டாக்டரின் கத்தி ஒன்றைப் பழைய செருப்புத் தோலில் இழுத்துப் பார்த்தார்கள். மயிரிழை மாதிரி வெட்டியது. தோல்வாரில் இருந்ததோ பிசிறடித்த கீறல். சமையல்காரனின் கத்தி மேஜையோடு சங்கிலியில் கட்டியிருந்தது.

"மேஜையைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கிழிச்சிருப்பானோ?" என்றான் ரோர்க்.

மூன்று பேரும் முடிந்தது. அப்போது காட்டுப் பக்கமிருந்து ஒரு மரம் முறிந்து விழும் ஓசை வந்தது. அங்கே பாதை வெட்டி முடித்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ராக்காவல் நின்ற இருவரையும் கூப்பிட்டு, முந்தின இரவு கயிற்றுப் பக்கம் வந்தது யார் என்று கேட்டார். ஒருத்தரும் வரவில்லை என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லீங்க. நீங்க ரோந்து வந்ததைத் தவிர."

அவர்கள் போன பிறகும் டகெட் அங்கேயே நின்றார். முந்தின இரவு பல்வலியில் தலையோடு துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தவர் அவர். ரோந்துக்கு அவர் போகவில்லை. யோசித்தாலும் எண்ணம் ஒரு இடத்துக்கு மேல் போக மறுத்தது. பீரங்கி வண்டியின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் ரோர்க்கும் உட்கார்ந்தான். கால்சட்டைப் பையிலிருந்து சிப்பியை எடுத்து, மூட்டில் கத்தியைச் செருகி, திருகி, அவர் வாய்க்கு நேரே நீட்டினான்.

டகெட் வாங்கிப் போட்டுக்கொண்டார். மெல்லத் தொடங்கியவர், நிறுத்தினார்.

சிப்பியின் மூட்டு ஒரு நெல்மணி அகலம். மொட்டைக் கத்தி அதற்குள் போகாது.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஓய்ந்துபோய் ரோர்க்கைப் பார்த்தார். ரோர்க் கத்தியை மறைக்கவில்லை. தன் முழங்காலின்மேல், வெயில் படும்படி வைத்திருந்தான். ஊசி மாதிரி முனை.

எண்பது பேரின் கத்தியை ஒடித்தபோது, ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்துக் கொடுத்தவன் ரோர்க். பிடித்துக் கொடுத்தவனின் கத்தியை டகெட் கேட்கவே இல்லை.

"காலையிலேருந்து எட்டுச் சிப்பி கொடுத்திருக்கேன்," என்றான் ரோர்க். "ஒவ்வொண்ணையும் உங்க மூக்குக்கு நேரா வச்சுத்தான் திறந்தேன். நீங்க சிப்பியைத்தான் பார்த்தீங்க."

"சாட்சியைத் தின்னுக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார் டகெட். "அந்தப் புகையிலை?"

"அதுவும்தான். முந்தின ராத்திரி உங்க கோட்டை மாட்டி, தலையில துணி கட்டிக்கிட்டு ரோந்து போனதும் நான்தான்."

காப்பி ஒத்துக்கொள்ளாத வயிறும் இப்போது புரிந்தது; தன் பங்குக் காப்பியைக் குடிக்காமல் சேர்த்து, புகையிலைக்கு மாற்றியிருக்கிறான். ஆற்று முகத்தில் கப்பல் நின்ற மூன்று வாரமும் ரோர்க் சிப்பி பொறுக்கப் போகிறேன் என்று படகெடுத்துப் போனான். எதிர்க்கரைக் காவல்காரர்களிடம் நல்ல புகையிலை உண்டு, காப்பி கிடையாது. இந்தப் பக்கம் காப்பி உண்டு, நல்ல புகையிலை கிடையாது. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் ரகசியமாகச் செய்கிற பண்டமாற்றுதான். ஆனால் எதிரியோடு வியாபாரம், பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள்.

"எதுக்குடா? புகையிலைக்கா கப்பலை வித்தே?"

"விக்கலை அண்ணே." ரோர்க்கின் முகத்தில் நக்கல் துடைத்துவிட்டாற்போலப் போயிருந்தது. அந்த முகத்தை டகெட் அதுவரை பார்த்ததில்லை. "அந்தப் பக்கம் ஒருத்தன் அயர்லாந்துல எங்க ஊர்க்காரன். முந்தாநாள் சொன்னான், அரிசி ஆலைக்குக் கீழ வளைவுல பதினோரு வெடிப்பீப்பாய் இறக்கியிருக்கோம், நீ கப்பல்ல இருந்தா வராதேன்னு. கேப்டன்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போனேன். எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றது? சித்தப்பா உயில்னா?"

வளைவுக்கு முன்னால் கப்பல் மெதுவாக ஒரு சேற்றில் ஏறிவிட்டால் போதும், அந்த வேளை நீரேற்றம் தவறும், கேப்டன் திரும்பிவிடுவார், எண்பது உயிர் தப்பும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எதிரி பீரங்கியோடு வருவான் என்று அவன் நினைக்கவில்லை. மேலே துறையில் காத்திருப்பவர்களை நினைத்தானா என்று டகெட் கேட்டார். நினைக்காமலிருக்கப் பார்த்தேன் என்றான்.

"மிங்கோவை?"

ரோர்க் முழங்கால்மேலிருந்த கத்தியைத் திருப்பி வைத்தான்.

"திட்டுவாங்க, சாராயத்தை நிறுத்துவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன். தூக்குன்னதும் வாய் அடைச்சுப் போச்சு. நானே போய்ச் சொல்றதுக்குத் தைரியம் வரலை. அதான் கயித்தைப் பாருங்கன்னேன். கத்தியைப் பாருங்கன்னு காட்டினேன். நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னா நான் சொல்ல வேண்டியதில்லை. கோழைதான் அண்ணே. ஒளிஞ்சுக்கிட்டே பிடிபடணும்னு நெனச்ச கோழை."

டகெட்டுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. பின்முனையில் நீர் ஒன்பதரை. மிங்கோவைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாய்மரக் கட்டையில் சுருக்குத் தயாராகத் தொங்கியது. டகெட் ரோர்க்கின் தோளைப் பிடித்தார். பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவனே முன்னால் நடந்தான்.

கேப்டன் தோர்ன் முழுதும் கேட்டார். தோல்வாரைப் பார்த்தார், கத்தியின் முனையைக் கயிற்றிலிருந்த குத்தில் தானே வைத்துப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் கரையிலிருந்து முதல் குண்டு வந்தது. கப்பலுக்கு அப்பால் விழுந்து, சேற்றை வாரி எல்லோர்மேலும் இறைத்தது.

"இவன் சொல்ற வெடிப்பீப்பாய் நிஜம்னு நான் எப்படி நம்பறது?" என்றார், முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே. "ஆமையைக் காட்டிக் கப்பலை நிறுத்தினவன் இவன்."

"நம்ப வேண்டாம் கேப்டன்," என்றான் ரோர்க். "என்னைக் கப்பல் மூக்குல கட்டிவிடுங்க. வெடிச்சா முதல்ல நான்."

திரும்பிப் போக வழியில்லை. கீழ்ப்பக்க ஆறு முழுக்க இப்போது அந்தப் பீரங்கிக்கு நேரே இருந்தது. மேலே போனால் வளைவை ஒட்டிய காடு மறைக்கும். வளைவுக்கு முன்பே நின்று, படகுகளை அனுப்பித் துறையிலிருப்பவர்களை ஏற்றலாம். இருட்டியபின் விளக்கில்லாமல் இறங்கித் தப்பிக்கலாம். கேப்டன் கஞ்சத்தனமாகத் தலையாட்டினார். பீப்பாய் இருந்தால் நீ சொன்னது உண்மை, இல்லையென்றால் சுருக்கு அங்கேயே தொங்கட்டும் என்றார்.

மிங்கோவின் விலங்கை டகெட்டே கழற்றினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார், அவன் நிற்கவில்லை. மிங்கோ நேராகக் கயிற்றிடம் போனான். ஒல்லி நாக்கு ஒன்றைப் பல்லால் கடித்துப் பிய்த்துத் துப்பினான். மறுபடி இரண்டு நாக்கு. பிறகு ரோர்க்கின் எதிரில் வந்து நின்றான். ரோர்க் தலையைக் குனிந்துகொண்டு, அடிப்பதென்றால் அடித்துவிடு என்றான்.

"என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா," என்றான் மிங்கோ. "உன்னை அடிக்க இப்ப நேரமில்லை."

இரண்டாவது குண்டு புகைபோக்கியின் மேல்விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. மூன்றாவது, சாப்பாட்டு மேஜைப் பலகை ஒட்டுக்கு ஒரு முழம் தள்ளித் துளைத்தது. உள்ளே யாரோ அலறினார்கள். அந்த நேரம் பச்சை மரத்தில் கட்டிய அந்தக் குறைமாதக் கப்பல் அடியோடு ஒருமுறை நடுங்கியது, சாய்வு நிமிர்ந்தது, மிதந்தது.

நெமாஸ்கா மேலே நகர்ந்தது. மூக்கில் ரோர்க், இடுப்பில் கயிறு, கண் தண்ணீரில். அவனுக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி டகெட். பக்கவாட்டில் மிங்கோ ஈயக்குண்டை வீசி, இழுத்து, பாடினான்.

"ரெண்டரை... ரெண்டரை... ரெண்டே கால்..."

வளைவு தெரிந்தது. தண்ணீர் அமைதியாக, பழுப்பாக, ஒன்றும் அறியாததுபோல இருந்தது.

"நிறுத்துங்க," என்றான் ரோர்க்.

சுக்கானில் ஹாஸ்கல் நிறுத்தச் சொல்லும் சைகைக்குக் கையைத் தூக்கினார், ஆனால் இறக்கவில்லை. தளத்தில் இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்தே விட்டார்கள். ஆமை என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. டகெட் ரோர்க்கின் முகத்தைப் பார்த்தார். காலையில் பீரங்கி வண்டியில் பார்த்த அதே முகம்.

"நிறுத்து," என்று டகெட் அடித்தொண்டையில் கத்தினார். "பின்னால எடு."

இயந்திரம் நின்றது, உறுமியது, திருப்பிச் சுழன்றது. கப்பல் தயங்கித் தயங்கி நின்ற இடத்துக்கு இரண்டு முழம் முன்னால், தார் பூசிய பீப்பாய் ஒன்று தண்ணீருக்கு அடியில் பன்றி முதுகு போல எழுந்து, ஆடி, மறுபடி இறங்கியது.

படகுகளை இறக்கினார்கள். வளைவுக்கு அப்பால், நாணல்களுக்கு மேலே, ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. பிறகு ஏழெட்டு. பிறகு எண்ண முடியவில்லை. மிங்கோவை யாரும் போகச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. முதல் படகின் மூக்கில் கயிற்றோடு ஏறி நின்று, படகுக்குத் தேவையே இல்லாத ஆழத்தை, கரைவரைக்கும் கேட்கும்படி பாடிக்கொண்டு போனான். அந்தக் குரலைக் கேட்டதும் கரையில் ஒரு துணி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஆடத் தொடங்கியது.

டகெட் விலங்கை எடுத்துக்கொண்டு ரோர்க்கிடம் போனார். ரோர்க் கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினான்.

"முதல்ல கத்தி," என்றார் டகெட்.

வாங்கினார். பீரங்கி வண்டியின் இரும்பு இடுக்கில் முனையைச் செருகினார். கப்பலேறிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தார். முனை ஒடிந்து தளத்தில் விழுந்து, உருண்டு, தண்ணீருக்குள் போயிற்று.

"இனிமே சிப்பியை எப்படி அண்ணே திறக்கறது?" என்றான் ரோர்க். சிரிக்கத்தான் பார்த்தான்.

டகெட் விலங்கைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"நீ உயிரோட இருந்தேன்னா," என்றார், "நான் திறந்து ஊட்டறேன்."